கடல் விலகிய தெரு: சிங்கப்பூர் தெலுக் ஆயர் விரிகுடாவும் நம் முன்னோரும்

எங்கள் வீட்டில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. சிங்கப்பூரில் கப்பலை விட்டிறங்கித் தோணி ஏறினால், அந்தத் தோணி நாகூரார் தர்கா வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் என்பார்கள். இதை என் பாட்டனார் தம் பாட்டனாரிடம் கேட்டதாகச் சொல்வார். நான் முதன்முதலாகச் சிங்கப்பூர் சென்று, தெலுக் ஆயர் தெருவில் அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது இந்தப் பேச்சு நினைவுக்கு வந்து, சற்றே சிரிப்பும் வந்தது. எதிரே கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் உயரமான கட்டடங்கள், அவற்றுக்கும் பின்னால் வானத்தை மறைக்கும் அளவுக்கு வங்கிகளும் அலுவலகங்களும். கடலின் சுவடே இல்லை. சபுராளிகளின் கதைகளில் உப்பு எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிறகுதான் அந்நகரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பாட்டனாரின் பாட்டனார் சொன்னதில் உப்புக் கூடவில்லை. அந்தத் தெருவே அன்று கடற்கரையாக இருந்தது. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் நீர். தர்கா நிற்கும் இடத்திலிருந்து இன்று திறந்த கடலைக் காண வேண்டுமானால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் செல்ல வேண்டும். தர்கா நகரவில்லை. கடல்தான் நகர்த்தப்பட்டது.

நம் ஜமாஅத்தில் சிங்கப்பூரோடு தொடர்பில்லாத குடும்பங்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் பலர் இன்றும் அந்த அலுவலகக் கட்டடங்களுக்குள்தான் வேலை பார்க்கிறார்கள். தாங்கள் நாள்தோறும் நடக்கும் தரை எவ்வாறு உண்டாயிற்று, அதற்கு விலையாக எது போயிற்று என்பதை அவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

ஒரே பக்கத்தில் நிற்கும் சாட்சிகள்

1819-ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு வாணிகத் தளத்தை அமைத்தார். அதற்கு முன்பே அங்கு மக்கள் இருந்தனர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஆற்று முகத்திலும், அருகிலுள்ள காலாங் நதியின் சதுப்புநிலக் காடுகளிலும், படகையே வீடாகக் கொண்ட 'ஓராங் லாவுட்' எனும் கடல் மக்கள் வாழ்ந்தனர். புதிய துறைமுகம் எழுந்தபோது முதலில் இடம் பெயர்ந்தவர்கள் அவர்களே. காலாங்கில் வாழ்ந்தோர் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் பெரியம்மை கண்டு பெரும்பாலும் மடிந்தனர். அவ்விரிகுடாவின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் வரி அவர்களுக்கு உரியது.

சிங்கப்பூர் துறைமுகமானதும் சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் சென்றனர். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களை அங்குள்ளோர் 'சூலியா' என்று அழைத்தனர். சோழநாடு என்பதன் திரிபே இச்சொல் என்பர் பலர். 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் வரைபடத்திலேயே சூலியாக்களின் குடியிருப்புக்குத் தனி இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. துணியும் பாக்கும் விற்றவர், பணம் மாற்றியவர், படகோட்டியவர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். விரிகுடாவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைக்கு இறக்கும் படகுத் தொழில், தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் சூலியாக்களின் கையிலேயே இருந்தது. பிறகு அது மெல்ல மெல்லச் சீனர் கைக்குப் போயிற்று.

பிழைப்புத் தேடி வந்தவர்கள் முதலில் கட்டியது தொழுகைக்கான இடத்தை. 1826-இல் அன்சர் சாகிபு என்பவரின் தலைமையில் ஜாமிஆ பள்ளி தொடங்கப்பட்டது. சூலியா பள்ளி என்றே இன்றும் அதற்குப் பெயருண்டு. அது தென்பாலச் சாலையில், கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. அதன் நுழைவாயில் சாலைக்கு நேராகவும், தொழுகைக்கூடம் கிப்லாவை நோக்கிச் சாய்வாகவும் அமைந்திருப்பதைச் சென்றவர் கவனித்திருக்கலாம். அடுத்த ஆண்டு, 1827-இல், தெலுக் ஆயர் கரையோரத்தில் ஓலைக் குடிசையாக ஒரு பள்ளி எழுந்தது. குடிசையைக் 'குச்சு' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் சொன்னார்கள். எனவே அது 'குச்சுப் பள்ளி' ஆயிற்று. 1850-க்கும் 1855-க்கும் இடையில் அது செங்கற் கட்டடமாயிற்று. 'மஸ்ஜித் அல்-அப்ரார்' என்பது அதன் முறையான பெயர். பெயர்ப் பலகையைப் பாராமல் 'குச்சுப் பள்ளி எங்கே?' என்று கேட்கும் முதியவர்களை நானே கண்டிருக்கிறேன்.

அதே 1827-இல் காதிர்ப்பிள்ளை என்பவருக்கு அரசு அக்கரையில் ஒரு துண்டு நிலம் வழங்கியது. விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதில்தான் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாகத் தர்கா கட்டப்பட்டது. அடக்கத்தலம் நாகூரில்தான், இது நினைவிடம் மட்டுமே. கடற்பயணத்தில் இடர் நேராமல் கரைசேர்ந்த சூலியாக்கள், தோணியை விட்டிறங்கியதும் நன்றி செலுத்த வந்த இடம் அது. சில வீடுகள் தள்ளி, 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினர். அதுவும் கடலோடிகளைக் காப்பதாக அவர்கள் நம்பும் மாசு எனும் தெய்வத்துக்கு உரியது. புயலுக்குத் தப்பிய இரு கூட்டத்தாரும் ஒரே மணலில் இறங்கி, அவரவர் முறைப்படி நன்றி சொல்ல அடுத்தடுத்த வாசல்களில் நுழைந்திருக்கிறார்கள்.

அடுத்தமுறை சென்றபோது ஒரு செய்தியைக் கண்ணால் கண்டு உறுதி செய்துகொண்டேன். சிங்கப்பூரிலும் தெருவின் ஒரு பக்கத்துக்கு இரட்டைப்படை எண்களும், மறுபக்கத்துக்கு ஒற்றைப்படை எண்களும் கொடுத்திருக்கிறார்கள். 1824-இல் தோன்றிய ஃபுக் தாக் சி கோயில் 76, தர்கா 140, தியான் ஹொக் கெங் 158, அல்-அப்ரார் பள்ளி 192. எல்லாம் இரட்டைப்படை. அதாவது, பழைய வழிபாட்டிடங்கள் நான்கும் தெருவின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. மறுபக்கத்தில் அக்காலத்துக் கட்டடம் எதுவும் இல்லை; இருக்கவும் முடியாது, ஏனெனில் அங்கே கடல் இருந்தது. ஒற்றைப்படைப் பக்கத்தில் உள்ள வழிபாட்டிடம் ஒன்று, 235-ஆம் எண்ணில் இருக்கும் சீன மெதடிஸ்ட் தேவாலயம். அது 1920-களில் கட்டப்பட்டது. அதற்குள் கடல் தரையாகிவிட்டது. ஏட்டைத் திறக்காமலே, வீட்டு எண்களை மட்டும் வைத்து ஒரு விரிகுடாவின் பழைய கரையை வரைந்துவிடலாம்.

மலையை வெட்டிக் கடலைத் தூர்த்தார்கள்

கடலைத் தூர்ப்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1822-லேயே, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் இடத்திலிருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஆற்றின் தென்கரைச் சதுப்பை மேடாக்கினார்கள். படகுத்துறையாகிய 'போட் கீ' அவ்வாறு உண்டானதே. 1864-இல் முடிவுற்ற காலியர் கடற்கரைச் சாலையின் கடற்சுவரைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களைக் கம்பெனியும் பின்னர் ஆங்கில அரசும் சிங்கப்பூருக்கு அனுப்பிச் சாலை, பாலம், சுவர் எனப் பலவற்றைக் கட்டுவித்தன. அவர்களுள் தமிழரும் இருந்தனர். காலில் விலங்குடன் கல் சுமந்தவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. காலியர் என்ற பொறியாளரின் பெயர் சாலைக்கு வாய்த்தது.

தெலுக் ஆயரின் முறை வந்தது 1879-இல். அப்போது காரணம் தெளிவாக இருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவை ஆழம் குறைந்த தெலுக் ஆயருக்கு வர இயலாமல், மேற்கே தஞ்சோங் பகாரில் உள்ள புதிய துறைகளில் நின்றன. ஊருக்கும் அத்துறைகளுக்கும் நடுவே குன்றுகளும் வளைந்த கரையும் குறுக்கிட்டன. வண்டிகள் நேராகச் செல்லச் சாலை வேண்டும். சாலைக்கு நிலம் வேண்டும். வாலிக் குன்றை வெட்டி அந்த மண்ணை விரிகுடாவில் கொட்டினார்கள். சிசில் தெருவும் ராபின்சன் சாலையும் அந்த மண்ணின் மீது பிறந்தவை. கடலை நோக்கி நீட்டிக் கட்டியிருந்த பழைய எண்கோணச் சந்தை இடிக்கப்பட்டு, 1894-இல் தூர்த்த நிலத்தின் மேல் இப்போதுள்ள இரும்புச் சந்தை எழுந்தது. 'லாவ் பா சாட்' என்று இன்று உணவுக்கடைகளுக்குப் பெயர்பெற்றிருப்பது அதுவே. தர்காவின் வாசலில் தோணி நின்ற காலம் அத்துடன் முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் ஒருமுறை தூர்த்தார்கள். ஷெண்டன் வழி அந்த நிலத்தில் உள்ளது. அதற்கு மண் கொடுத்த குன்றுகளுள் ஒன்று பால்மர் குன்று. இக்குன்றின் உச்சியில்தான் 1866-இல் மறைந்த ஹபீப் நூஹ் அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. 1890-இல் அதன்மேல் கட்டடம் எழுப்பப்பட்டது. குன்றின் பெரும்பகுதி கரைந்து கடலுக்குள் போயிற்று. அடக்கத்தலம் இருந்த மேடு மட்டும் வெட்டப்படாமல் விடப்பட்டது. இன்று பால்மர் சாலையில் படியேறிச் செல்கிறவர்கள், தாங்கள் ஏறுவது ஒரு குன்றின் எஞ்சிய துண்டு என்பதை உணர்வது அரிது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. கரை மூன்று முறை, நான்கு முறை மாறியிருக்கிறது. கடைகள், கிடங்குகள், சந்தை, படகுத்துறை எல்லாம் இடம் மாறின, குன்றுகளே காணாமற்போயின. மாறாமல் நின்றவை 'விற்கக் கூடாது' என்ற நிபந்தனையோடும், வக்ஃபாகவும், அறக்கொடையாகவும் கொடுக்கப்பட்ட சிறுசிறு துண்டு நிலங்களே. முத்தவல்லிகளும் அறங்காவலர்களும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரத்தைப் பாதுகாத்தார்கள். 1968-இல் வக்ஃபு நிர்வாகம் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான மூயிசிடம் வந்தது. 1974-இல் தர்காவும் இரு பள்ளிகளும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அவற்றின் எதிரே இருந்த விரிகுடாவுக்குப் பத்திரம் இல்லை. அதற்கு முத்தவல்லியும் இல்லை. அதனால் அது போயிற்று.

எல்லாத் தொழுகை இடங்களுக்கும் இந்தப் பேறு வாய்த்ததாகவும் சொல்ல முடியாது. சந்தைத் தெருவை ஒட்டி நம்மவர் 1950-களில் ஏற்படுத்திய மௌலானா முஹம்மது அலி பள்ளி, இன்று ஒரு பெரிய வங்கிக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. மேலே அடுக்கடுக்காக வங்கி; கீழே ஸுஜூது. சூலியாத் தெரு என்ற பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. சூலியாக்களின் வீடுகள் இல்லை.

படகுகள் போன பின்

விடுதலைக்குப் பிறகு வேகம் கூடியது. 1966-இல் கிழக்குக் கடற்கரையைத் தூர்க்கத் தொடங்கினார்கள். பிடோக் பகுதி மேடுகளை வெட்டி, நகரும் பட்டைகளின் மேல் மண்ணைக் கடலோரம் வரை ஓட்டினார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் நம் ஊரிலும் உண்டு. தொடர்ந்து 1970-களில் ஆற்று முகத்துக்கு வெளியே, இரு பக்கமும் கரைகளை நீட்டி, நடுவில் ஒரு குளம்போல் நீரை விட்டு வைத்தார்கள். அதுவே இன்றைய மரீனா விரிகுடா. தூர்க்கப்பட்ட அந்த நிலப்பரப்பு சுமார் 360 ஹெக்டேர். 1960-களில் 580 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டிருந்த நாட்டின் பரப்பு, இப்போது 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாடு கடலிலிருந்து எடுக்கப்பட்டதே.

குன்றுகள் தீர்ந்த பின் மண்ணுக்கு எங்கே போவது? அண்டை நாடுகளின் கடலடி மணலையும் ஆற்று மணலையும் வாங்கினார்கள். 1997-இல் மலேசியாவும், 2007-இல் இந்தோனேசியாவும், 2017-இல் கம்போடியாவும் சிங்கப்பூருக்கு மணல் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தன. எல்லையோரத்திலுள்ள நீப்பா என்ற இந்தோனேசியத் தீவு மணல் வாரப்பட்டதால் ஏறத்தாழ மூழ்கும் நிலைக்கு வந்து, பின்னர் மீட்கப்பட வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நிலம் பெருகினால் வேறோரிடத்தில் குறைகிறது. நம் ஆறுகளில் மணல் லாரிகள் வரிசையாக நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடலுக்குள் நேர்ந்ததோ கண்ணுக்குத் தெரியாதது. ராஃபிள்ஸ் வந்தபோது தீவின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு அலையாத்திக் காடு இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். இன்று 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அலையாத்தி வேர்களுக்கிடையேதான் இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும். பவளப் பாறைகளில் பாதிக்கும் மேல் மண்ணுக்கடியில் போயின. எஞ்சியவற்றுக்கும் தூர்ப்பு வேலையின் சேறு பகையாயிற்று. முன்பு 10 மீட்டர் ஆழம் வரை பார்வை போன நீரில், பிறகு 2 மீட்டருக்கு மேல் ஒளி சரியாகப் புகவில்லை. பவளமும் ஒளியின்றி வாழாது.

ஆறும் அப்போது நாறிக் கிடந்தது. தொங்கான்களும் துவாக்கோ படகுகளும் நெருங்கி நின்ற ஆற்றில் எண்ணெயும், சந்தைக் கழிவும், கரையோரக் குடிசைகளின் சாக்கடையும் கலந்தன. ஆறு வரும் முன்பே அதன் வாடை வந்துவிடும் என்று அக்காலத்தில் அங்கிருந்த பெரியவர்கள் சொல்வார்கள். 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார். 1987-இல் அந்த வேலை முடிந்தது. இழப்பீடுகள் நீங்கலாக 17 கோடி வெள்ளி செலவாயிற்று. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருக்கடைக்காரர்கள் கூரையுள்ள உணவங்காடிகளுக்கு மாற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. 1983-இல் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 160 ஆண்டுகளாக அந்த ஆற்றின் உயிராக இருந்த படகுத் தொழில் ஓரிரு மாதங்களில் அவ்விடத்தை விட்டு நீங்கியது.

இதில் இரு பக்கமும் உண்மை உண்டு. நாற்றமடித்த ஆறு தூய்மையானதை யாரும் குறை கூற மாட்டார்கள். கூரையும் குழாய்நீரும் கிடைத்தவர்கள் பழைய சாக்கடையை எண்ணி ஏங்கவும் மாட்டார்கள். சிங்கப்பூர்த் துறைமுகம் 1972 முதலே கொள்கலன்களுக்கு மாறத் தொடங்கிவிட்டதால் படகுகளின் காலம் எப்படியும் முடிந்திருக்கும். ஆயினும், ஒரு தொழிலோடு சேர்ந்து ஓர் அக்கம்பக்கமும் கலைகிறது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒன்றாகக் குடியிருந்த கடையநல்லூர்க் குடும்பங்கள், நகரச் சீரமைப்பில் தீவின் நான்கு மூலைகளுக்கும் பிரிந்து சென்றன. திருமணச் செய்தியும் மவுத்துச் செய்தியும் வாய்வழியே போன தெருக்கள் இல்லாமற்போயின. அவர்கள் 1941-இல் தொடங்கிய சங்கம் இன்றும் அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது வேறு செய்தி.

நம்மூரார் பலருக்கும் நினைவிலிருக்கும் 'ரஜூலா' கப்பலும், அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் இக்கதையின் ஓரத்தில் வருகின்றன. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். 1985-இல் 'சிதம்பரம்' தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் கப்பல் வழி முடிவுற்றது. அதன்பின் சிங்கப்பூர் செல்பவர் விரிகுடாவைக் காண்பது விமானச் சன்னல் வழியாகத்தான். 1933-இல் திறக்கப்பட்டுக் கடல்வழி வந்த ஏராளமானோர் கால் வைத்த கிளிஃபர்டு படகுத்துறையும் 2006-இல் மூடப்பட்டது. கட்டடம் அப்படியே இருக்கிறது; விடுதியொன்றின் பகுதியாக உணவு பரிமாறுகிறார்கள்.

உப்பு நீர் நன்னீரான கதை

படகுத்துறையை மூடியதற்குக் காரணம் இருந்தது. மரீனா விரிகுடா கடலாக இருப்பதையே நிறுத்தவிருந்தது. சிங்கப்பூருக்குச் சொந்த நீர் குறைவு. பல்லாண்டுகளாக ஜொகூரிலிருந்து குழாயில் நீர் வருகிறது. ஆற்றைத் தூய்மைப்படுத்தியவர்கள் அடுத்து எண்ணியது, ஆறுகள் கடலில் சேரும் வாயை அடைத்து மழைநீரைத் தேக்குவது. 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே ஒன்பது இரும்புக் கதவுகளுடன் மரீனா அணைக்கட்டு கட்டப்பட்டு, 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே இருந்த உப்புநீரை யாரும் இறைக்கவில்லை. மழைநீர் மேலும் மேலும் வந்து சேர, கதவைத் திறந்து திறந்து உப்பை வெளியேற்றினார்கள். 2010-இல் அது நன்னீர்த் தேக்கமாயிற்று. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில், ஏறத்தாழ 10,000 ஹெக்டேரில், பெய்யும் மழை அங்கே வந்து சேருகிறது. 'தெலுக் ஆயர்', நீர் விரிகுடா என்று பெயரிட்ட மலாய்க்காரர்கள் இப்படியொரு நாளை எண்ணியிருக்க மாட்டார்கள். அதன் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது.

அணைக்கு வேறொரு பயனும் உண்டு. பழைய சூலியாக் குடியிருப்பும் சீனர் குடியிருப்பும் தாழ்வான இடங்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தெருவில் முழங்காலளவு நீர் நிற்கும். இப்போது கடல் வற்றியிருக்கும்போது மழை பெய்தால் கதவைத் தாழ்த்தி நீரை விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் கதவை மூடி, நொடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும் ஏழு பெரும் இறைப்பான்களால் வெளியே தள்ளுகிறார்கள்.

உயிர்களும் தம் வழியைத் தேடுகின்றன. காணாமற்போன நீர்நாய்கள் 1990-களின் இறுதியில் வடகரையில் மீண்டும் தோன்றி, 2015 வாக்கில் மரீனா விரிகுடாவிலேயே குட்டிகளுடன் குடியேறின. 2010-இல் சூதாட்டக்கூடத்துடன் திறக்கப்பட்ட பெரிய விடுதியின் எதிரே அவை மீன் தின்பதைக் காண அலுவலர்கள் கூட்டமாய் நிற்கிறார்கள். அந்த விடுதியைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. நீர்நாய்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆனால் கடல் தன் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. 2100-ஆம் ஆண்டுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024-இல் வெளியான அந்நாட்டு ஆய்வு கணித்தது. கடலைத் தடுக்க அடுத்த நூறாண்டுகளில் 10,000 கோடி வெள்ளி தேவைப்படலாம் என்று 2019-இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் மேடான புதிய நிலத்தை எழுப்பி, அதையே கடலுக்கு அரணாக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. தூர்த்த நிலத்தைக் காக்க மேலும் தூர்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற முறை ஒரு வெள்ளிக்கிழமை குச்சுப் பள்ளியில் ஜும்ஆ தொழுதேன். அலுவலகப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையுடன் வந்து நெருக்கியடித்து நின்றனர். குத்பா முடிந்து தொழுகைக்கு எழுந்தபோது ஒன்று தோன்றியது: அங்கே கிப்லா மேற்கும் வடமேற்கும் சார்ந்த திசை, தெருவோ கிழக்குப் பக்கம். ஆகவே அக்காலத்தில் தொழுதவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் அலை அடித்திருக்கும். கப்பலில் வந்த பயணக் களைப்போடு நின்றவருக்கு அந்த ஓசை காதில் விழாமல் இருந்திருக்காது.

தொழுகை முடிந்து, 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்ட தர்காவில் சற்று நேரம் இருந்துவிட்டு, ஒற்றைப்படைப் பக்கத்துக்குக் கடந்து நடக்கத் தொடங்கினேன். சிசில் தெரு, ராபின்சன் சாலை, ஷெண்டன் வழி என ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கரை. மரீனா தெற்கின் தோட்டங்களைத் தாண்டி அணைக்கட்டை அடையும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலத்தின் நடுவில் நின்றேன். உட்புறம் நன்னீர் அசையாமல் கிடந்தது. வெளிப்புறத்தில் கடல் ஏற்றத்தில் இருந்தது; கதவுகள் மூடியிருந்தன. இரு மட்டங்களையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தேன். கடல்தான் உயரமாக இருந்தது.